கருவி காட்டிய 35

சிங்கப்பூரின் பொங்கோலில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில், பவளங்கள் வளரும், நூறு லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை ஐந்து ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அதன் உவர்ப்பை அளக்க இதுவரை மூன்று வகைக் கருவிகளை வாங்கியாயிற்று. மூன்றுமே ஒரு கட்டத்தில் என்னை ஏமாற்றியவைதான் என்றாலும், அதில் கருவிகளின் பிழையைவிட என் பிழையே அதிகம்.

கடல்நீரின் உவர்ப்பு பொதுவாக ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்புகள். 25 பாகை செல்சியஸில் இதன் ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.0264, மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 53 மில்லிசீமன்ஸ். நம் ஊர் வெக்கையில் மின்விசிறியும் ஓடினால் என் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகிவிடுகிறது. நீர் போனாலும் உப்பு அங்கேயே தங்கிவிடுவதால், மூன்று நாள் ஊர்ப்பயணம் போய்வந்தால் 35 என்பது 36ஆகியிருக்கும்.

முதலில் வாங்கியது, நீரின் அடர்த்தியைக் கொண்டு உவர்ப்பைக் காட்டும், உள்ளே முள் மிதக்கும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர். முள்ளில் ஒட்டும் காற்றுக் குமிழிகள் அதைத் தூக்கிவிட, அளவு கூடுதலாகத் தெரியும். ஒரே நீரை மூன்று முறை அளந்து மூன்று விடைகள் பெற்றபின் அதைத் தூக்கிப் போட்டேன்.

அடுத்து வந்தது, ஒரு சொட்டு நீரில் ஒளி எவ்வளவு விலகுகிறது என்பதைக் கொண்டு உவர்ப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர். கையேடு சொன்னபடி காய்ச்சி வடித்த நீரால் பூஜ்யத்தைச் சரிசெய்து, இரண்டாண்டுகள் நிம்மதியாக இருந்தேன். அந்தக் காலம் முழுவதும் தொட்டியிலுள்ள டார்ச் என்னும் வகைப் பவளம் பாதிதான் விரிந்தது. விளக்கையும் நீரோட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தும் பயனில்லை. ஒருநாள், கருவியைச் சரிபார்ப்பதற்கென்றே 35 என்று அளவிட்டு விற்கப்படும் திட்டக் கரைசலை வாங்கி இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தபோது, கருவிக்குள் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 38இல் நின்றது. அப்படியானால் கருவி 35 என்று காட்டிய என் தொட்டியின் உண்மையான உவர்ப்பு ஏறத்தாழ 32 மட்டுமே.

காரணம் இதுதான். இத்தகைய கருவிகள் பலவற்றின் அளவுகோல் கடல்நீருக்காக அல்லாமல், வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்காக வரையப்பட்டது. அதில் 35 உவர்ப்புள்ள கடல்நீர் 36.5 என்று தெரியும். எஞ்சிய ஒன்றரை, என் கருவியின் அளவுகோலிலேயே இருந்த குறை. தட்டு காலியாக இருக்கும்போது நேராக நிற்கும் தராசு, எடையை வைத்தபின்னும் சரியாகக் காட்டும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? எந்த அளவில் தொட்டியை வைத்திருக்க விரும்புகிறோமோ, அந்த அளவிலேயே கருவியைச் சரிபார்க்க வேண்டும். ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பு கலந்த நீரையே ஊற்றி, ஒன்பது நாள்களில் மெதுவாக 35க்குக் கொண்டுவந்தேன்.

அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. ஓராண்டு கழித்து வீட்டுக்கு வந்த, ஈசூன் வட்டாரத்தில் வசிக்கும் நண்பர், திட்டக் கரைசல் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, மூடியில உப்பு பூத்திருக்கே, கவனிச்சீங்களா?” என்றார். மூடி சரியாக இறுகாமல் நீர் கசிந்து ஆவியாகி, உள்ளே இருந்த கரைசல் அடர்ந்துவிட்டிருந்தது. அதை 35 என்று நம்பிக் கருவியைத் திருத்தியதால், இம்முறை தொட்டி 37ஐ எட்டியிருந்தது. இப்போதெல்லாம் பாட்டிலைத் திறந்த தேதியை மூடியிலேயே எழுதி வைக்கிறேன்.

திட்டக் கரைசலை வீட்டிலும் தயாரிக்கலாம். வேறெதுவும் சேர்க்காத தூய, உலர்ந்த உப்பு 36.5 கிராமை 963.5 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், அதன் ஒளிவிலகல் 35 உவர்ப்புள்ள கடல்நீருடையதோடு ஒத்திருக்கும். ஆனால் இது ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டுமே பொருந்தும். மின்கடத்துத்திறன் வேறுபடுவதால், அதைக் கொண்டு உவர்ப்பை அளக்கும் மின்னணுப் பேனாவுக்கு ஆகாது.

அந்தப் பேனாதான் என் மூன்றாவது கருவி. வேகமாக அளக்கிறது, வெப்பநிலையையும் தானே ஈடுசெய்துகொள்கிறது. முனையிலுள்ள பள்ளத்தில் ஒரு குமிழி சிக்கினால் மட்டும் அளவு சட்டென்று இறங்கிவிடும். நீருக்குள்ளேயே இரண்டு மூன்று முறை ஆட்டிவிட்டுத்தான் எண்ணைப் படிக்க வேண்டும்.

வெப்பநிலையைப் பற்றி ஒன்று. கண்ணாடி ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பவர்கள், அது எந்த வெப்பநிலைக்குச் செய்யப்பட்டது என்று அதன் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். 25 பாகைக்கு உரியதை 29 பாகை நீரில் மிதக்கவிட்டால், உவர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை குறைவாகத் தெரியும். குளிரூட்டி இல்லாத தொட்டிகளில் 29 பாகை என்பது இங்கே சர்வசாதாரணம். ரிஃப்ராக்டோமீட்டரில் சொட்டு விட்டபின் ஒரு நிமிடம் பொறுக்கிறேன். கருவியையும் கரைசலையும் ஏர்கான் அறையில் வைக்காமல் தொட்டியின் அருகிலேயே வைக்கிறேன்.

கடந்த ஞாயிறன்று ரிஃப்ராக்டோமீட்டர் 35 காட்டியது, பேனா 34.6 காட்டியது. இரண்டையும் துடைத்து உள்ளே வைத்துவிட்டேன். தொட்டியில் எதையும் ஊற்றவில்லை.