ரெட் ஹில், வர்ஜீனியா: அந்தச் சின்ன வக்கீல் ஆபீசுக்காகவே போகலாம்

அமெரிக்க விடுதலைப் போராட்டத் தலைவர் பேட்ரிக் ஹென்றி என்றால் 1775-ல் பேசிய "சுதந்திரம் கொடு, இல்லையேல் மரணத்தைக் கொடு" மட்டும்தான் எனக்குத் தெரியும். ப்ரூக்னீல் பக்கத்தில், ஸ்டான்டன் ஆற்றோரமாக இருக்கும் ரெட் ஹில் அவர் கடைசியாக வாழ்ந்த பண்ணை. போன வாரம் போய் வந்தோம், ரொம்பப் பிடித்தது.

வீட்டைச் சீக்கிரம் பார்த்து முடித்துவிடுங்கள். பழைய வீடு 1919-ல் எரிந்துபோய், அப்புறம் அதே இடத்தில் கட்டியது இது. பக்கத்தில் நிற்கும் குட்டி மர ஆபீஸ்தான் அவர் காலத்தது. வர்ஜீனியா கவர்னராக இருந்தவருக்கு இவ்வளவு சின்ன இடமா என்று வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கடை வைத்து இரண்டு முறை நொடித்த மனிதர், தானாகவே படித்து 1760-ல் வக்கீலானார். அவரைத் தூக்கிவிட்டது 1763-ல் ஹனோவர் கோர்ட்டில் நடந்த வழக்கு. வர்ஜீனியா பிரிட்டிஷ் காலனியாக இருந்த அப்போது பாதிரியாருக்குச் சம்பளமே புகையிலைதான், வருஷத்துக்கு 16,000 பவுண்டு எடை. விளைச்சல் கெட்டு விலை ஏறியதும், ஒரு பவுண்டு புகையிலைக்கு இரண்டு பென்னி வீதம் பணமாகக் கொடுத்தால் போதும் என்று சட்டசபை சட்டம் போட, லண்டனில் அரசர் அதை ரத்து செய்ய, ஒரு பாதிரியார் பாக்கியைக் கேட்டு வழக்குப் போட்டு ஜெயித்தும் விட்டார். எவ்வளவு நஷ்டஈடு என்பது மட்டும்தான் மிச்சம். எதிர்த்தரப்புக்கு முதலில் இருந்த வக்கீல் விலகிக்கொண்டார். அவருக்குப் பதிலாக 27 வயது ஹென்றி எழுந்து, மக்களுக்கு நல்லது செய்யும் சட்டத்தை ரத்து செய்கிற அரசன் கொடுங்கோலன் என்று வாதாடினார், அதுவும் சொந்த அப்பா நீதிபதியாக உட்கார்ந்திருக்கும்போதே! ஜூரி பாதிரியாருக்குக் கொடுத்தது ஒரே ஒரு பென்னி. 1765-ல் சட்டசபைக்குள் வந்துவிட்டார். 1799-ல் மறுபடியும் தேர்தலில் ஜெயித்தும், சபைக்குப் போகுமுன் இங்கேயே காலமானார்.

வாசலில் ஒரு ஓசேஜ் ஆரஞ்சு மரம் கிளைகளை நாலு பக்கமும் பரப்பி நிற்கிறது, அதன் கீழே கொஞ்ச நேரம் உட்காருங்கள். அப்புறம் அடிமைகளாக இருந்தவர்களின் இடுகாட்டுக்குக் கட்டாயம் நடந்து போங்கள். அடிமை முறையை நியாயப்படுத்த முடியாது என்று 1773-லேயே கடிதத்தில் ஒப்புக்கொண்ட ஹென்றி, சாகும்வரை அவர்களை வைத்திருந்தார். ஹென்றியின் கல்லறையில் அவர் புகழே அவருக்குச் சிறந்த கல்லறை வாசகம் என்று பொறித்திருக்கிறது. அடிமைகளின் இடுகாட்டிலோ பெரும்பாலான கற்களில் பெயர்கூட இல்லை. எனக்கு மனம் கனத்துப்போனது. குழந்தைகளையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள், நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.