சம்பங்கிக்கு 'கிழங்கு பூஸ்டர்' மூட்டை: வாங்கிவிடாதீர்கள்

40 சென்ட் சம்பங்கி. ஆடி நடவு. அடியுரமாக 25 கிலோ மூட்டை நான்கு, ஒன்று 1,450 ரூபாய், ஆக 5,800. விற்றவர் சொன்னது இது: "அண்ணா, இத ஒண்ணு போட்டாப் போதுங்க, வருஷம் பூரா வேற உரமே வேண்டாம்." கையால் எழுதிய துண்டுச் சீட்டுதான் ரசீது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதியும் பயனில்லை, அடுத்த ஆடிக்குள் மூட்டையின் பெயரே மாறியிருக்கும்.

மூட்டையின் மேல் பெரிய பூப்படமும் 'கிழங்கு ஸ்பெஷல், அனைத்துப் பருவத்துக்கும்' என்ற வரியும் இருந்தன. தழை, மணி, சாம்பல் சத்து எத்தனை சதவீதம் என்ற எண்கள் எங்குமே இல்லை. தொகுதி எண்ணும் இல்லை, தயாரித்த மாதமும் இல்லை. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வரும் உரமென்றால் இவை மூட்டையில் இருந்தாக வேண்டும். எண் இல்லாத மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

உள்ளே இருந்தது கருப்புச் சாயம் ஏற்றிய களிமண் குருணை. ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க வைத்தால் காலையில் சேறு. சூடான தவாவில் போட்டால் பொரியவில்லை. டிஏபி (மணிச்சத்தும் தழைச்சத்தும் சேர்ந்த உரம்) குருணை அப்படிச் சூடேறும்போது உப்பும். சுண்ணாம்பு சேர்த்து உள்ளங்கையில் கசக்கினாலும் டிஏபியில் மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி இதில் வரவில்லை.

இந்தச் சோதனைகளை நடவுக்கு முன்பே செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். யாரும் செய்வதில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. சம்பங்கிக் கிழங்கு 25 முதல் 30 கிராம் வரை எடையுள்ளது, தனக்கான சாப்பாட்டைத் தானே சுமந்து வருகிறது. முதல் பூந்தண்டு பெரும்பாலும் அந்தச் சேமிப்பிலிருந்தே எழும்புகிறது. மண்ணையே உரமென்று போட்டிருந்தாலும் மூன்று மாதம் கழித்து பூ வரத்தான் செய்யும். "பாத்தீங்களா, நம்ம சரக்கு வேலை செய்யுது" என்று விற்றவர் நெஞ்சை நிமிர்த்துவதும் அப்போதுதான். அதற்குப் பிறகு தண்டு குட்டையாகும், தண்டில் மொட்டு குறையும், பக்கக் கிழங்குகள் பருக்காமல் நின்றுபோகும். அந்த நேரத்தில் கேட்டால் "உங்க மண்ணுல குறை" என்று பதில் வரும். கிழங்குப் பயிர்க்காரர்களைக் குறிவைத்து இந்தச் சரக்கு சுற்றுவது இதனால்தான். நெல்லில் இந்த வேலை நடக்காது, ஒரே மாதத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சரி, அந்தச் சரக்கு உண்மையாகவே 10:10:10 உரம் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவில் ஒவ்வொரு சத்தும் 10 கிலோதான் கிடைக்கும். சம்பங்கிக்கு எக்டேருக்குத் தலா 200 கிலோ தழை, மணி, சாம்பல் சத்து என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 40 சென்ட்டுக்குக் கணக்குப் போட்டால் தலா 32 கிலோ. 70 கிலோ டிஏபியில் மணிச்சத்து முழுவதும் வந்துவிடும், கூடவே 12.5 கிலோ தழைச்சத்தும். மீதித் தழைச்சத்துக்கு 42 கிலோ யூரியா. சாம்பல் சத்துக்கு 53 கிலோ பொட்டாஷ். மானிய விலையில் 50 கிலோ டிஏபி 1,350 ரூபாய், 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு. இரண்டு டிஏபி, ஒரு யூரியா எடுத்தாலும் மூவாயிரத்தைத் தாண்டாது. பொட்டாஷ் விலை தனி. யூரியா கேட்டால் 'இதையும் சேர்த்து எடுங்க' என்று பூஸ்டரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அதற்கு இணங்காதீர்கள்.

'அனைத்துப் பருவத்துக்கும்' என்ற வாக்கே பொய் என்பதற்கு சம்பங்கியின் வருடத்தைப் பார்த்தால் போதும். நடவுக்கு முன் 4 டன் மக்கிய தொழுவுரம், டிஏபி முழுவதும், பொட்டாஷில் பாதி. யூரியாவை மூன்றாகப் பிரித்து 30, 60, 90ஆம் நாள்களில், தடவைக்கு 14 கிலோ. செடிக் குத்தை ஒட்டிப் போடாமல் நான்கு விரல் தள்ளிப் போட்டு, மண் அணைத்துத் தண்ணீர் விடவேண்டும். மீதிப் பொட்டாஷ் 60ஆம் நாள் யூரியாவோடு போகட்டும். 90ஆம் நாள் ஐப்பசி மழையில் மாட்டினால் யூரியாவைத் தள்ளிப்போடுங்கள். தண்ணீர் தேங்கிய பாத்தியில் போட்டது கரைந்து ஓடிவிடும். செடி எடுத்துக்கொள்கிற கொஞ்சமும் இலையைக் கொழுக்க வைத்து அடித்தண்டு அழுகலுக்கு வழிவிடும். மார்கழி, தைக் குளிரில் வளர்ச்சி மந்தம், அப்போது மண்ணில் உரம் கொட்டுவது வீண். இலை வெளிறியிருந்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 20 கிராம் இரும்பு சல்பேட், 10 கிராம் போரிக் அமிலம் கலந்து மாலையில் தெளிக்கலாம். அதே கிழங்கிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மறுதாம்புக்கு அடுத்த ஆடியில் மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் வருடம் கிழங்கு எடுக்கும் முன் ஒரு மாதம் உரமும் வேண்டாம், தண்ணீரும் குறையட்டும்.

துத்தநாக சல்பேட்டிலும் ஏமாற்று நடக்கிறது, விலை மலிந்த மெக்னீசியம் சல்பேட்டைக் கலப்பார்கள். டிஏபி கரைத்துத் தெளிந்த நீரில் துத்தநாகக் கரைசலை ஊற்றினால் கெட்டியாகத் திரியும், மெக்னீசியம் அப்படித் திரியாது. (தெளிப்பானில் இரண்டையும் சேர்க்கக் கூடாது என்பதற்கும் அதே காரணம்தான்.) சிவப்புப் பொட்டாஷைக் கரைத்தால் நிறம் மேலே மிதக்கும், சாயம் போட்ட உப்பென்றால் தண்ணீரே முழுக்க நிறமாகிவிடும். வேப்பம் புண்ணாக்கை டம்ளரில் ஊறவையுங்கள், மணல் அடியில் உட்கார்ந்துவிடும். யூரியா முழுதாகக் கரையும், கரையும்போது டம்ளர் சில்லிடும்.

கைச்சோதனையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்பு நெடி அமோனியா இருப்பதை மட்டுமே காட்டும். 20:20:0:13 காம்ப்ளெக்ஸும் (தழை 20, மணி 20, கந்தகம் 13 சதவீதம் உள்ள கலப்பு உரம்) அதே நெடி அடிக்கும், அதை டிஏபி மூட்டையில் போட்டுக் கொடுத்தால் கையில் பிடிபடாது. மணிச்சத்து எத்தனை சதவீதம் என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ஒரு மூட்டையையாவது தையல் பிரிக்காமல் வையுங்கள். பிரித்த மூட்டையிலிருந்து நாமே எடுத்துப் போகும் கைப்பிடி மண்ணை 'வேறெங்கோ எடுத்தது' என்று கடைக்காரர் தள்ளிவிடுவார். வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, உர ஆய்வாளரே கடையில் மாதிரி எடுக்கும்படி கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு, பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. கையில் இருப்பது துண்டுச் சீட்டு மட்டும் என்றால், இன்றே கடைக்குப் போய் உரத்தின் பெயர், எடை, விலை, தேதியோடு முறையான பில் கேளுங்கள். புகார் கொடுத்த பிறகு போனால் எழுதித் தரமாட்டார்கள்.