ஸ்டெம் செல் ஊசியா, மறுவாழ்வுப் பயிற்சியா?

திருநெல்வேலிச் சீமையில் பனையிலிருந்து விழுந்தோ பைக் விபத்திலோ தண்டுவடம் அடிபட்டவரின் வீட்டார் முன்னால், அறுவைச் சிகிச்சை முடிந்ததும் இரண்டு வழிகள் நிற்கின்றன. பெருநகரத் தனியார் மையங்கள் லட்சக்கணக்கில் விலை பேசும் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறவல்ல மூலச் செல்) ஊசி ஒன்று. மாதக்கணக்கில் நீளும் மறுவாழ்வுப் பயிற்சி மற்றொன்று.

ஊசிக்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்தெடுக்கும் செல் சிகிச்சை ஒன்றுக்கு ஜப்பான் 2018-இல் அனுமதி தந்தது. ஆனால் அது நிபந்தனையோடு கூடிய அனுமதி, அடிபட்டுச் சில வாரங்களே ஆனவர்களுக்கானது. பழைய காயத்துக்கு அதைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. இந்தியாவிலோ, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் செலுத்துவதை முறையான மருத்துவ ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வில் சேர்பவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கவும் கூடாது. ரசீது போட்டுப் பணம் கேட்கும் இடத்தில் நடப்பது ஆய்வன்று, வியாபாரம்.

மறுவாழ்வுப் பயிற்சி, எழுந்து நடப்பீர்கள் என்று வாக்குக் கொடுப்பதில்லை. இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைத்துக் குதிகாலும் இடுப்பும் சிவந்திருக்கின்றனவா என்று பார்ப்பது, நான்கு முதல் ஆறு மணிக்கொரு தடவை குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றுவது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குக் கைகளை ஊன்றி மாறுவது என அலுப்பூட்டும் வேலைகளே அதிகம். எனினும் படுக்கைப்புண்ணும் சிறுநீரகத் தொற்றும் உயிரையே பறிக்கக்கூடும் என்பதால், ஆயுளைக் கூட்டுவது இந்த அலுப்புதான். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம் இத்தகைய பயிற்சியை நம் பக்கத்திலேயே தருகிறது.

வயலை விற்றுத்தான் பணம் புரட்ட வேண்டுமென்றால், அது முதலில் கழிப்பறைக் கதவை அகலப்படுத்தவும் வாசலில் சாய்தளம் போடவும் போகட்டும் என்பேன்.