150 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர்: வெந்நீர் நிறைவு, கணக்கில் மட்டும் சற்றுக் கவனம்

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் 150 லிட்டர் சோலார் ஹீட்டர் தண்ணீரைச் சூடாக்குவதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் அதனால் மிச்சமாகும் மின்சாரத்தைப் பற்றி விற்பனையாளர் போட்டுக்காட்டிய கணக்கு வேறு, வீட்டுப் புழக்கம் காட்டும் கணக்கு வேறு.

150 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 5.2 யூனிட் தேவைப்படும். இதை அறுபது நாளால் பெருக்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கணக்கில் 300 யூனிட்டுக்கு மேல் குறையும் என்கிறார்கள். தொட்டி முழுவதும் தினமும் காலியானால்தான் அது உண்மை. ஷவர் இல்லாமல் வாளியில் குளிக்கும் குடும்பத்தில், 20 லிட்டர் வாளித் தண்ணீரை 40 டிகிரிக்குச் சூடாக்க 0.35 யூனிட் போதும். நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 1.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 84 யூனிட். பயன்பாடு கூடக்கூடக் கட்டண விகிதமும் ஏறுவதால், குறையும் யூனிட்டுகள் விலை அதிகமான மேல்படியிலிருந்தே கழிகின்றன என்பது ஓர் ஆறுதல்.

கருவியின் அமைப்பு எளிமையானது. தொட்டியிலிருந்து கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் குழாய்கள்தான் வெயிலை வாங்குகின்றன. ஒவ்வொரு குழாயும் இரட்டைச் சுவர் கொண்ட கண்ணாடி. உள்சுவரின் மேல் கருமையான பூச்சு, இரு சுவர்களுக்கும் நடுவில் வெற்றிடம். உள்ளே வந்த வெப்பம் எளிதில் வெளியேறாததால் குழாயிலுள்ள தண்ணீர் சூடாகிறது. சூடான தண்ணீர் இலேசாகித் தானாகவே மேலேறித் தொட்டியில் சேர, குளிர்ந்த தண்ணீர் கீழிறங்குகிறது. மோட்டார் ஏதும் தேவையில்லை. குழாயின் அடிநுனியில் கண்ணாடிபோல் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு ஒன்று உண்டு. வெற்றிடத்துக்குள் காற்று புகுந்துவிட்டால் அது பால்போல் வெளுத்துவிடும். எந்தக் குழாய் பழுது என்று அறிய மெக்கானிக்கை அழைக்க வேண்டியதில்லை, குனிந்து பார்த்தால் போதும்.

பொருத்திக் கொடுத்தவர்களின் வேலையில்தான் எனக்கு மனக்குறை. ஹீட்டரைத் தெற்குப் பார்த்து வைத்தார்கள், அதற்குக் குளிர்ந்த தண்ணீர் தரும் மாடித் தொட்டியை அதைவிட உயரத்தில் ஏற்றினார்கள், எல்லாம் சரி. மாடியிலிருந்து குளியலறைக்கு இறங்கும் முக்கால் அங்குல சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) பைப்பை மட்டும் எந்த உறையும் இல்லாமல் வெறுமனே விட்டுவிட்டார்கள். அந்த அளவுள்ள பைப் 20 மீட்டருக்கு இருந்தால் அதனுள் சுமார் 5 லிட்டர் தண்ணீர் நிற்கும். காலையில் குழாயைத் திறந்ததும் முதலில் வருவது இந்தக் குளிர்ந்த தண்ணீர்தான். வாளியில் கால் பங்கு அதிலேயே நிரம்பிவிடும். எல்லோரும் குளித்து முடித்த பின் பைப்பில் தங்கும் வெந்நீரின் சூடும் வீணாகிறது. ஃபோம் உறை சுற்றினால் அடுத்தடுத்துக் குளிப்பவர்களுக்குப் பயன்படுமே தவிர, இரவு முழுவதும் சூடு தாங்காது. ஹீட்டரைக் குளியலறைக்கு நேர் மேலே வைப்பதே உண்மையான தீர்வு.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களுக்கென்று ஹீட்டரின் தொட்டிக்குள் மின்சாரத்தில் சூடாகும் 2 கிலோவாட் காயில் வைத்துத் தருகிறார்கள். நான்கு வாளிக்காக அது 150 லிட்டரையும் சூடாக்கும். போட்டதை அணைக்க மறந்தால், வெந்நீரை எடுக்க எடுக்க உள்ளே வரும் பச்சைத் தண்ணீரை, வெயில் ஏறுவதற்கு முன்பே மின்சாரம் சூடாக்கிவிடும். அதைவிடக் குளியலறையில் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் ஒன்று இருப்பது மேல். ஏழு நிமிடத்தில் ஒரு வாளிக்கான வெப்பத்தைத் தந்துவிடும்.

போர் தண்ணீரை இதில் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உப்பு படிந்து குழாய்களின் அடியில் வண்டலாகச் சேரும். நாங்கள் சிறுவாணித் தண்ணீர் இணைப்பைக் கொடுத்திருக்கிறோம்.

வாளிக் குளியல் வழக்கமுள்ள நான்கு பேருக்கு 100 லிட்டர் தாராளம். மாடிக்கு உரிமையில்லாத வாடகை வீட்டாரும், பல மாடிக் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருப்பவர்களும் நல்ல நட்சத்திரக் குறியீடு பெற்ற கீசரோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் பணம் கொடுக்கும் முன் வாரண்டி அட்டையைப் படித்துவிடுவது நல்லது: எங்களுடையதில் தொட்டிக்கு உத்தரவாதம் உண்டு, கண்ணாடிக் குழாய் உடைந்தால் இல்லை.