வாக்கும் அல்காரிதமும்: இரண்டோடும் குப்பை கொட்டிய அனுபவம்

பத்து வருடங்களுக்கு மேலாக இரண்டு வகைத் தளங்களிலும் மாறி மாறிக் குப்பை கொட்டியிருக்கிறேன். ஒரு வகையில், எது மேலே வரவேண்டும் என்பதைப் படிப்பவர்களே வாக்குப் போட்டு முடிவு செய்கிறார்கள். இன்னொன்றில், என் விரல் எங்கே தயங்குகிறது என்று பார்த்து, தளத்தின் கணினிக் கணக்கான அல்காரிதம் முடிவு செய்கிறது.

அல்காரிதத்தோடு எனக்கு வாய்த்த பெரிய சண்டை முதுகு வலியால் வந்தது. ஒரு ராத்திரி, ஒரு செயலியில் உடற்பயிற்சிக் காணொளி ஒன்றைப் போட்டுவிட்டு நடுவிலேயே தூங்கிவிட்டேன். அது பாட்டுக்கு ஓடியது, அடுத்ததும் ஓடியது. அப்புறம் மூன்று வாரம் எதைத் திறந்தாலும் முதுகெலும்புதான். நான் குறட்டை விட்டதெல்லாம் அதற்குத் தெரியுமா? கடைசி வரை பார்த்த ரசிகன் என்று கணக்கில் எழுதிக்கொண்டது. யாரிடம் போய் முறையிடுவது? எந்தச் செய்கைக்கு எவ்வளவு எடை என்பதே வெளியில் தெரியாது. ஃபேஸ்புக்கில் 2017இல் கோப முகத்துக்கு ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு எடை கொடுத்திருந்தார்கள் என்பதுகூட 2021இல் உள் ஆவணங்கள் கசிந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

சரி, வாக்கு மட்டும் யோக்கியமா? அதற்குள்ளும் ஒரு சூத்திரம் இருக்கிறது. ரெட்டிட் என்ற வாக்குத் தளம் முன்பு தன் நிரலை வெளியிட்டிருந்ததால் அதன் கணக்கைப் பார்க்க முடிந்தது. 100 வாக்கு வாங்கிய பதிவும், அதற்கு 12.5 மணி நேரம் கழித்து வந்து 10 வாக்கு வாங்கிய பதிவும் அதில் சரிசமம். பத்து மடங்கு ஆதரவை அரை நாள் தாமதம் ஈடுகட்டிவிடும். வாக்குத் தளம் ஒன்றில் ஒருவர் கேட்ட சந்தேகத்துக்கு இரண்டு மணி நேரம் செலவழித்து நான் எழுதிய பதில் அடியில் கிடந்தது. முதல் ஐந்து நிமிடத்தில் யாரோ போட்ட ஒற்றை வரி நகைச்சுவை உச்சியில் இருந்தது. பதிவுகளில் பிந்தி வந்தது ஜெயிக்கலாம், பதில்களிலோ முந்திக்கொண்டவருக்குத்தான் கூட்டம் சேரும். 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில், சில கருத்துகளுக்கு ஆய்வாளர்களே ஆரம்பத்தில் ஒரு ஆதரவு வாக்கைப் போட்டுவிட்டார்கள். அவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடிவிட்டது. அதே மாதிரி போட்ட எதிர் வாக்கையோ மற்றவர்கள் சரிக்கட்டிவிட்டார்கள்.

இருந்தாலும் எனக்கு வாக்கின் பக்கம்தான் சாய்வு. என் பதில் ஏன் தோற்றது என்று அங்கே சொல்ல முடிகிறது, அடுத்த முறை சீக்கிரம் எழுதலாம். முதுகெலும்பு விஷயத்தில் அதற்கு வழியில்லை.

ஒன்றில் மட்டும் அல்காரிதத்துக்கு மதிப்பெண் போட்டே ஆகவேண்டும்: பாட்டு. எனக்குப் பிடித்த விசித்திரமான வாத்திய இசைக்குக் கூட்டமாக யாரும் வாக்குப் போடப்போவதில்லை. என்னைப் போன்ற நாலு கிறுக்கர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்து அதுதான் தேடிக் கொண்டுவந்து தந்தது. பழுது பார்க்க, சமைக்க, ஒரு பொருள் வாங்கலாமா என்று கேட்க வாக்குத் தளம், பாட்டுக்கு அல்காரிதம் என்று இப்போது பிரித்து வைத்திருக்கிறேன்.

படுக்கப் போகும் முன், அடுத்த காணொளியைத் தானாக ஓட்டும் 'ஆட்டோபிளே'யை அணைத்துவிடுகிறேன். முதுகு வலி அப்படியேதான் இருக்கிறது.