யூசர் ஸ்டோரியா, ஈயர்ஸ் வாக்கியமா?

ஒரு மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்ற தேவையை எழுத இரண்டு வழிகள்: பயனரின் குரலில் சொல்லும் யூசர் ஸ்டோரி, நிலையான வாக்கிய அச்சில் எழுதும் ஈயர்ஸ் (EARS, Easy Approach to Requirements Syntax). ஒரே தேவையை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்ப்போம்.

யூசர் ஸ்டோரி: “வாடிக்கையாளராகிய நான், உதவி மையத்துக்குக் காத்திராமல், மறந்துபோன கடவுச்சொல்லை நானே மாற்ற விரும்புகிறேன்.”

ஈயர்ஸ்: “பயனர் கடவுச்சொல் மாற்றம் கோரும்போது, சிஸ்டம் 60 வினாடிக்குள், 15 நிமிடம் மட்டும் செல்லுபடியாகும் இணைப்பை அவருடைய பதிவு மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும்.”

ஸ்டோரி, யாருக்கு, எதற்கு என்பதைச் சொல்கிறது. காரணம் தெரிந்தால் டெவலப்பர் இதைவிட நல்ல வழியைக்கூட முன்வைப்பார். ஆனால் அது பேச்சுக்கான தொடக்கம்தான். பேசியதை ஏற்பு நிபந்தனைகளாக, அதாவது வேலை சரியாக முடிந்ததா என்று சரிபார்க்கும் விதிகளாக, எழுதாவிட்டால், ஆளுக்கொரு பொருள் கொள்வார்கள்.

ஈயர்ஸ் முறையை ரோல்ஸ் ராய்ஸில் அலிஸ்டர் மாவினும் குழுவினரும் உருவாக்கி 2009-இல் வெளியிட்டார்கள். எப்போதும், நிகழ்வு, நிலை, விருப்ப அம்சம், விரும்பாத நிலைமை என்று 5 வாக்கிய அச்சுகள். இவற்றில் கடைசிதான் விலைமதிப்பற்றது. பதிவில் இல்லாத மின்னஞ்சலைக் கொடுத்தால்? அப்போதும், பதிவில் உள்ள மின்னஞ்சலுக்குக் காட்டும் அதே செய்தியையே திரையில் காட்ட வேண்டும். இல்லையென்றால் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்பது வெளியாருக்குத் தெரிந்துவிடும். ஸ்டோரியில் இந்தக் கேள்வி எழாமலே போகலாம்.

ஈயர்ஸின் குறை, காரணம் தொலைந்துபோவது. 15 நிமிடம் ஏன் என்று ஓராண்டு கழித்து எவருக்கும் தெரியாது.

இரண்டிலும் “விரைவாக”, “எளிதாக” வேண்டாம், சோதிக்க முடியாது. “மற்றும்” வந்தால் பெரும்பாலும் இரண்டு தேவைகள் ஒட்டியிருக்கின்றன, பிரித்துவிடுங்கள்.

திரை, பயன்பாட்டு அனுபவத்துக்கு ஸ்டோரி போதும். பணம், பாதுகாப்பு, வெளி சிஸ்டம் இணைப்பு என்றால் ஸ்டோரியின் கீழ் ஏற்பு நிபந்தனைகளை ஈயர்ஸில் எழுதுங்கள்.