காலிபர்: பட்டியல் அழிந்த பிறகும் புத்தகங்களைத் திருப்பித் தந்தது

ஆறு வருஷமாகச் சேர்த்த 1,400 மின்னூல்கள் என்னிடம் இருக்கின்றன. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் இறக்கிய சங்க நூல்கள், நானே ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள் எல்லாம் மின்னூல்களை ஒழுங்குபடுத்தும் காலிபர் என்ற மென்பொருளில்தான் இருக்கின்றன. போன மாதம் டிஸ்கில் இடம் பண்ணும்போது மெட்டாடேட்டா.டிபி என்ற ஃபைலை அழித்துவிட்டேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தாகிவிட்டது. மறுநாள் காலிபரைத் திறந்தால் ஒரு புத்தகம்கூட இல்லை. வயிற்றைக் கலக்கிவிட்டது.

அந்த ஒரு ஃபைல்தான் மொத்த டேட்டாபேஸும். ஆனால் 2006-இல் கோவிட் கோயல் தொடங்கிய இந்த இலவச மென்பொருள், ஒவ்வொரு புத்தகத்தின் விவரத்தையும் அந்தந்தப் புத்தக ஃபோல்டருக்குள்ளேயே மெட்டாடேட்டா.ஓபிஎஃப் என்று தனியாகவும் எழுதி வைக்கிறது. இந்த ஏற்பாட்டுக்காகவே இதை யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

முதலில் லைப்ரரி ஃபோல்டர் முழுவதையும் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்தேன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதற்றத்தில் புத்தகங்களை மறுபடி உள்ளே இழுத்துப் போடவும் வேண்டாம். வருஷக்கணக்கில் போட்ட டேக், அதாவது வகைக் குறிச்சொற்கள், அப்படி முழுதாக வருமென்று சொல்ல முடியாது. பிறகு லைப்ரரி மெயின்டனன்ஸ் மெனுவில் ரீஸ்டோர் டேட்டாபேஸ். பட்டியலைத் திரும்பக் கட்டட்டுமா என்று கேட்கிறது. சரி என்றேன். ஃபோல்டர் ஃபோல்டராகப் படித்துப் பட்டியலைத் திரும்பக் கட்டியது.

வந்ததும் முதலில் ஒரு பழைய நிகண்டுப் பதிப்பைத் திறந்து பார்த்தேன். குறிப்புப் பகுதியில் நான் எழுதியிருந்தது அப்படியே இருந்தது: "திருவல்லிக்கேணி நடைபாதைக் கடை, 40 ரூபாய், பின் அட்டை இல்லை." அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்து பட்டியலை முழுவதும் பார்த்தேன். ஒன்பது புத்தகங்களுக்குப் பதிவு இருக்கிறது, ஃபைல் இல்லை. அந்தச் சுத்தம் செய்தலில் அவையும் போயிருக்கின்றன. இங்கே நிதானம் வேண்டும். லைப்ரரியைச் சோதிக்கும் செக் லைப்ரரியில், இல்லாத ஃபைல்களின் பட்டியலில் டிக் போட்டுச் சரிசெய்யச் சொன்னால், காணாமல் போன ஃபைலைத் தேடித் தராது. அந்த ஃபைல் இருந்ததென்ற பதிவைத்தான் நீக்கும். ஃபோல்டருக்குள் நாமே கொண்டுபோய் வைப்பதிலும் சிக்கல் உண்டு. தமிழ்த் தலைப்பைக் காலிபர் ரோமன் எழுத்துக்கு மாற்றித்தான் ஃபைல் பெயர் வைக்கிறது. நாமே வைத்தது அதன் பதிவில் தானாக ஏறாது. காலிபரில் அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்க விவரப் பகுதியின் மேல் பென் டிரைவிலிருந்த ஃபைலை இழுத்துவிட்டேன். சரியான பெயரில், சரியான இடத்தில் அதுவே வைத்துக்கொண்டது.

ஒரு குறை: ஓபிஎஃப் ஃபைல்களைப் பின்னணியில் மெதுவாகத்தான் எழுதுகிறது. நிறையத் திருத்தம் செய்த அன்று, லைப்ரரி மெயின்டனன்ஸ் மெனுவில் பேக்கப் நிலையைப் பார்த்துவிட்டு மூடுங்கள்.

ஒன்பதில் ஏழு கிடைத்துவிட்டன. மற்ற இரண்டும் நான் ஸ்கேன் செய்தவை. மூலப் புத்தகங்கள் ஊரில் அத்தை வீட்டுப் பரணில் இருக்கின்றன. தீபாவளிக்குப் போகும்போது ஸ்கேனரையும் எடுத்துப் போகிறேன்.